படித்த நூல்களுக்கு ஒரு பதிவேடு

கேள்வி: படித்த நூல்களைப் பல ஆண்டுகளாக நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருகிறேன். குட்ரீட்ஸ் போன்ற தளங்களுக்கு மாறலாமா? (வாசகி, மதுரை)

பதில்: தாராளமாக மாறலாம், நோட்டையும் கைவிட வேண்டாம். 2007-இல் தொடங்கப்பட்டு 2013-இல் அமேசான் வாங்கிய குட்ரீட்ஸில், படித்தவை, படித்துக்கொண்டிருப்பவை, படிக்க விரும்புபவை என மூன்று அடுக்குகள் ஆயத்தமாக இருக்கும். தமிழ் நூல்களைத் தேடும்போதுதான் பொறுமை வேண்டும்: ஒரே நூல் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தனித்தனியே பதிவாகியிருப்பதுண்டு என்பதால், இரு வகையிலும் தேடிப் பார்த்து, இல்லையென்று உறுதியான பிறகு விவரங்களைப் பிழையின்றித் தந்து, அத்தளத்தின் நூலகர் (லைப்ரேரியன்) குழுவிடம் சேர்க்கச் சொன்னால், அடுத்து வரும் வாசகருக்கு அது பேருதவியாக இருக்கும்.

வாசகர்கள் மதிப்பெண்ணாகத் தரும் நட்சத்திரங்களின் சராசரியை நம்பி நூலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் மனத்துக்கு நெருக்கமான, அதிகம் பேசப்படாத ஒரு நூலுக்கு விரிவாக மதிப்புரை எழுதியவர் யாரென்று பார்த்து, அவருடைய அடுக்குகளில் உலவுங்கள். எனக்கு நல்ல நூல்கள் பலவும் அப்படித்தான் கிடைத்தன.

வீட்டிலுள்ள நூல்களைப் பட்டியலிடுவதே நோக்கமென்றால், 2005 முதல் இயங்கும் லைப்ரரிதிங் பொருத்தமானது. எதில் பதிந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் பட்டியலைக் கோப்பாகத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். இரு தளங்களிலும் அவ்வசதி உண்டு.