புலித்தேவர், கட்டபொம்மன்: இருவரில் யார் சிறந்த தலைவர்?

கேள்வி கேட்டவர் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என்று தோன்றுகிறது. திருநெல்வேலிச் சீமையில் ஒரு டீக்கடையில் இந்தக் கேள்வியைப் போட்டால், பதில் வருவதற்கு முன்னால் "நீ எந்தாளுல?" என்று வரும். நான் சாதி பார்த்து எழுதவில்லை. அப்படித்தான் வாசிப்பேன் என்பவர்கள் தாராளமாக அடுத்த பதிலுக்குப் போகலாம்.

இருவரும் 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கம்பெனியை எதிர்த்த பாளையக்காரர்கள், அதாவது பாளையம் என்ற சிறு பகுதியை ஆண்ட தலைவர்கள். தலைமை என்று கேட்டால் புலித்தேவர்தான். வீரத்தில் இருவருக்கும் குறைவில்லை. ஆனால் புலித்தேவர் கணக்குத் தெரிந்தவர்.

1755இல் கம்பெனியின் கர்னல் ஹெரான் தேவரின் ஊரான நெற்கட்டுஞ்செவலை வளைத்தார். கோட்டை மண்கோட்டைதான். ஆனால் கல்சுவர் குண்டு பட்டால் பிளக்கும், மண்சுவர் குண்டை விழுங்கிவிடும். அதை உடைக்கப் பெரிய பீரங்கி வேண்டும், மாதக்கணக்கில் அடிக்கப் படைக்கு உணவுப்பொருளும் வேண்டும். ஹெரானிடம் இரண்டும் இல்லை, சிப்பாய்களுக்குச் சம்பளமும் ஒழுங்காகப் போகவில்லை. தேவர் இதை மோப்பம் பிடித்துவிட்டார். 20,000 ரூபாய் கேட்டவருக்குக் காசு கிடையாது என்று பதில் போனது. ஹெரான் மூட்டை கட்டினார்.

மேற்குப் பாளையங்களைக் கூட்டுச் சேர்த்ததும் அவர்தான். சிவகிரி வரவில்லை. திருவிதாங்கூர் வந்தது, பிறகு களக்காட்டுப் பகுதிக்கு ஆசைப்பட்டு, கம்பெனித் தளபதி யூசுப்கானோடு போய்விட்டது. நாட்டாசை உள்ள கூட்டாளியை நம்பியது தேவரின் பிழை. 1761 மே மாதம் நெற்கட்டுஞ்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்றும் விழுந்தன. ஆனாலும் 1764இல் திரும்பி வந்து ஊரைப் பிடித்தார். மறுபடி அடக்க 1767இல் கம்பெனியின் கேப்டன் காம்ப்பெல் வரவேண்டியிருந்தது.

கட்டபொம்மனிடம் பொறுமை அதிகம். சினிமா வசனத்தையே சரித்திரம் என்று எழுதுகிறவர்களுக்கு இது கசக்கும். 3,310 பகோடா (அக்காலப் பொன் நாணயம்) வரிப் பாக்கிக்காகக் கலெக்டர் ஜாக்சன் துரை கூப்பிட்டதும் குற்றாலத்திலிருந்து ராமநாதபுரம் வரை 23 நாள், 400 மைல் பின்னாலேயே போனார். 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் கைகலப்பாகி லெப்டினன்ட் கிளார்க் என்ற கம்பெனி அதிகாரி செத்தும், விசாரணை இவர் பக்கமே முடிந்து ஜாக்சனின் வேலை போனது. அவ்வளவையும் சம்பாதித்துவிட்டு, மறு வருஷமே பாளையக்காரர் கூட்டணிக்கு வராத சிவகிரி மேல் படையோடு போனார் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டார். கம்பெனியின் மேஜர் பானர்மேன் படையெடுக்க அது போதும்.

கட்டபொம்மனின் ஊரான பாஞ்சாலங்குறிச்சியில், 1974இல் அரசு கட்டிய கோட்டை முன்னால் போட்டோ எடுத்துவிட்டு வருகிறார்கள். பக்கத்திலே கிடக்கும் பழைய அடித்தளத்தை ஒரு ஆள் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே நின்று நாலு பக்கமும் பார்த்தால்தான் விஷயம் புரியும். நெற்கட்டுஞ்செவலுக்கு மேற்கே மலையும் காடும் உண்டு. கோட்டை போனாலும் ஆள் தப்பலாம், ஆள் சேர்த்துத் திரும்பலாம். பாஞ்சாலங்குறிச்சியைச் சுற்றிச் சமவெளி. வெளியேறினால் அடுத்தவன் தயவில்தான் ஒளிய வேண்டும். கட்டபொம்மன் புதுக்கோட்டைக் காடு வரை போய், புதுக்கோட்டை மன்னர் தொண்டைமானின் ஆட்களிடம் பிடிபட்டார்.

குணத்துக்குச் சாட்சி வேண்டுமென்றால் அவரைத் தூக்கிலிட்ட பானர்மேனின் கடிதமே இருக்கிறது. 1799 அக்டோபர் 16, கயத்தாறு. இரு பக்கமும் நின்ற பாளையக்காரர்களை இளக்காரமாகப் பார்த்துக்கொண்டே நிமிர்ந்து நடந்தாராம். ஊமைத்தம்பியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டாராம். மரத்தடிக்கு வந்ததும், கோட்டையை விட்டு வெளியேறியதற்கு வருந்தி, அதைக் காத்து அங்கேயே செத்திருக்கலாம் என்றாராம்.