மாத்திரை, பசியாறல், பிறகுதான் சைக்கிள்

கேள்வி: ஜூன் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சைக்கிள் ஓட்ட நினைக்கிறோம். கணவருக்கு வயது 46, சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிபிசைடும் சாப்பிடுகிறார். மாமியாருக்கு 67, முழங்கால் தேய்மானமும் ரத்தக் கொதிப்பும் உண்டு. மகனுக்கு 9 வயது, ஆஸ்துமா இருக்கிறது. வெயில் ஏறுமுன் வெறும் வயிற்றோடு கிளம்பி, சாங்கி வரை ஓட்டி, அங்கே பசியாறிவிட்டுத் திரும்பலாம் என்கிறார் கணவர். செய்யலாமா? – செங்காங் வாசகி

பதில்: நால்வருமே தாராளமாகப் போகலாம். சமதளப் பாதை, கடற்காற்று, ஓய்வெடுக்க வழிநெடுகிலும் இடம் என்று முதல் பயணத்துக்கு ஏற்ற இடம்தான் அது. ஆனால் ‘வெறும் வயிறு’, ‘சாங்கி வரை’ இரண்டையும் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் குடும்பத்தில் அன்றைய நாளைத் தீர்மானிக்க வேண்டியது தூரமோ வேகமோ அல்ல, கணவர் கிளிபிசைடு சாப்பிடும் நேரம்.

மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. கிளிபிசைடு அப்படியல்ல. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும் மருந்து அது. உழைக்கும் தசையும் தன் பங்குக்கு ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு உணவைத் தள்ளிப்போட்டுப் பெடல் மிதித்தால், மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்து அவரைக் கீழே தள்ளும். அதற்குப் பயந்து மாத்திரையை அவராகவே விட்டுவிடுவதும் சரியல்ல. சமீபத்திய ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 7 விழுக்காட்டுக்கு அருகில் இருந்தாலோ, அண்மையில் ஒருமுறையாவது சர்க்கரை இறங்கியிருந்தாலோ, அன்றைய காலை மாத்திரையின் அளவைக் குறைக்கலாமா என்று பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே பலதுறை மருந்தக மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

அன்று காலை 6.30க்கு வீட்டிலேயே கிளிபிசைடு மாத்திரை, 7 மணிக்குப் பசியாறல். மூன்று இட்லியும் சாம்பாரும் போதும். 8 மணிக்குப் பூங்காவில் சைக்கிளில் ஏறுமுன் விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் ஒரு சிறிய வாழைப்பழமோ மூன்று மேரி பிஸ்கட்டோ தின்றுவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்துவிட்டுக் கிளம்பலாம். 4க்குக் கீழே என்றால் முதலில் வைத்தியம் (கீழே சொல்கிறேன்), அந்தக் காலைக்குச் சைக்கிள் இல்லை. (இந்தியாவிலிருந்து வந்த உறவினர் அங்கத்திய மில்லிகிராம் கணக்கில் கேட்டால் 18ஆல் பெருக்கிச் சொல்லுங்கள். 4 என்பது 72.) விரலில் சன்ஸ்கிரீனோ பழச்சாறோ ஒட்டியிருந்தால் எண் தவறும். தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டே குத்த வேண்டும். சோதனைப் பட்டைகளைச் சைக்கிள் கூடையில் வெயிலில் வைக்காதீர்கள், சூட்டில் கெட்டுவிடும்.

சர்க்கரை இறங்கும்போது வியர்க்கும், கை நடுங்கும், தலை லேசாகும். வெயிலில் சைக்கிள் ஓட்டினாலும் ஏறக்குறைய இதேதான். அதனால்தான் பலர் ‘வெயில்தான்’ என்று தட்டிக் கழித்துவிடுகிறார்கள். உங்கள் கணவர் திடீரென்று எரிந்து விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, நேர்ப்பாதையில் கோணலாக ஓட்டினாலோ உடனே நிறுத்திச் சோதியுங்கள். கருவி கைவசம் இல்லையென்றால் சர்க்கரை இறங்கிவிட்டது என்றே வைத்துக்கொண்டு வைத்தியம் செய்யுங்கள்.

வைத்தியம் 15 கிராம் வேகச் சர்க்கரை: மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் தூள் அல்லது சீனி, தண்ணீரில் கலந்து. பொட்டலப் பானத்தை நம்பினால் அதன் மேல் சர்க்கரைத் தரத்தைக் காட்டும் நியூட்ரி-கிரேட் எழுத்தைப் பாருங்கள். ‘பி’ தரப் பானத்தில் 100 மி.லி.க்கு அதிகபட்சம் 5 கிராம் சர்க்கரைதான். 250 மி.லி. பொட்டலம் முழுவதையும் குடித்தாலும் 12.5 கிராமைத் தாண்டாது. மற்ற நாள்களில் நல்லதென்று நீங்கள் தேடி வாங்கும் குறைந்த சர்க்கரைப் பானம் இந்த ஒரு நேரத்தில் போதாது. ‘ஜீரோ சுகர்’ அறவே உதவாது. எனவே குளுக்கோஸ் தூளைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, ஒன்றை அவர் சட்டைப் பையிலும் இன்னொன்றை உங்கள் பையிலும் வையுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். இன்னும் 4க்குக் கீழே என்றால் இன்னொரு 15 கிராம். ஏறியபின் பிஸ்கட்டோ ரொட்டியோ கொடுங்கள். கிளிபிசைடால் இறங்கிய சர்க்கரை, தெளிந்த பிறகும் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கக்கூடும். அதனால் அவர் திரும்ப ஓட்ட வேண்டாம், டாக்சி பிடியுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 995ஐ அழையுங்கள். பூங்காவின் கார் நிறுத்துமிடங்களுக்கு எழுத்தும் எண்ணும் உண்டு. கடந்து போகும்போதே அதைக் கவனித்துவந்தால் இடம் சொல்லத் தடுமாற மாட்டீர்கள்.

இனித் தூரம். குழந்தையும் பெரியவரும் இருக்கும் குடும்பம் மணிக்கு 8 முதல் 10 கி.மீ. போகும். மரின் பரேட் எம்ஆர்டி பக்கமிருந்து பூங்காவுக்குள் போய், அங்கேயே சைக்கிள் வாடகைக்கு எடுத்துக் கிழக்கே திரும்புங்கள். மரின் கோவ், லகூன் உணவங்காடி நிலையம், பிறகு பிடோக் படகுத்துறை என்று வரும். படகுத்துறையே உங்கள் எல்லை. 8.50 ஆகிவிட்டால் அதை எட்டாவிட்டாலும் திரும்பிவிடுங்கள். அதற்கு அப்பால் சாங்கி கடலோரச் சாலையை ஒட்டிப் போகும் நீண்ட பாதையில் நிழலும் கடையும் குறைவு. உடம்புக்கு முடியாமல் போனால் உதவிக்கு ஆளும் அரிது. உணவங்காடியிலும் காலையில் பல கடைகள் திறந்திருக்காது, சாப்பாட்டை அதை நம்பித் திட்டமிடாதீர்கள். போகும்போது காற்றே இல்லை என்று தோன்றினால், அது முதுகுப்பக்கம் வீசித் தள்ளுகிறது என்று அர்த்தம். திரும்பும்போது அதுவே முகத்தில் அடிக்கும். பாதி பலம் தீர்ந்தபின் திரும்ப நினைத்தால் தாமதமாகிவிடும்.

மாமியாரின் முழங்காலுக்குச் சைக்கிள் நல்லது, உடல் எடையை இருக்கை தாங்கிக்கொள்ளும். கெடுப்பது தாழ்ந்த இருக்கை. வாடகைச் சைக்கிளில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கும், அதுதான் சரியான உயரம். தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கமும், உயர்ந்திருந்தால் பின்பக்கமும் வலிக்கும். லேசான கியரில் வேகமாகச் சுற்றட்டும், கனமான கியரில் அழுத்தி மிதிக்க வேண்டாம். துப்பட்டா வீட்டிலேயே இருக்கட்டும், சக்கரத்தில் சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடும். அவருடைய ரத்தக் கொதிப்பு மருந்துகளில் நீர்மாத்திரை (சிறுநீரை அதிகம் போகச் செய்வது) இருந்தால், சைக்கிளிலிருந்து இறங்கும்போது தலை சுற்றலாம். ஒரு நிமிடம் கைப்பிடியைப் பிடித்து நின்றுவிட்டு நடக்கச் சொல்லுங்கள். உப்புப் போட்ட மோர் அவருக்கு வேண்டாம்.

மகனுக்கு, அவன் மருத்துவர் சொல்லியிருந்தால், ஏறுவதற்கு 10 முதல் 15 நிமிடம் முன்பு நீல இன்ஹேலரை ஸ்பேசர் (மருந்தை உள்ளிழுக்க உதவும் குழாய்) வைத்து இரண்டு முறை கொடுங்கள். முந்தைய இரவு இருமலோ இழுப்போ இருந்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், புகைமூட்ட நாளிலும் அப்படியே. சைக்கிளில் உட்கார்ந்தபடி அவன் இரு கால்களும் தரையைத் தொட வேண்டும். தலைக்கவசம் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் இருக்கட்டும்.

பெரியவர்களுக்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை 150 முதல் 200 மி.லி. தண்ணீர், மகனுக்கு 100 மி.லி. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். காலை 10 மணிக்குள் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வானிலை காட்டும் மைஇஎன்வி செயலியில் வெப்ப அழுத்தம் ‘மிதம்’ என்று வந்தாலே சுருக்கிக்கொள்ளுங்கள், ‘உயர்வு’ என்றால் விட்டுவிடுங்கள். ஜூன் மாதக் காலைகளில் சுமத்ராப் புயல்காற்று இடியோடு வருவதும் உண்டு. இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள்.

கணவர் செருப்பில் ஓட்ட வேண்டாம், மூடிய காலணியும் காலுறையும் போடட்டும். வீடு திரும்பியதும் பாதங்களில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். உடற்பயிற்சிக்குப் பின் 24 மணி நேரம் வரைகூடச் சர்க்கரை இறங்கலாம். அன்று மதிய உணவையும் இரவு உணவையும் வழக்கமான நேரத்தில் கொடுங்கள். படுக்கப்போகுமுன் ஒருமுறை சோதியுங்கள். 5க்குக் கீழே இருந்தால் ஒரு துண்டு ரொட்டி சாப்பிட்டு, மறுபடி பார்த்த பிறகே அவர் தூங்கட்டும்.