குளிர்காலம் நெருங்குகிறது. வெளியே வளரும் ஆர்க்கிட் செடிகளை எப்போது, எப்படி வீட்டுக்குள் மாற்றுவது? எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடலாமா?

ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஆர்க்கிட்டில் ஒவ்வொரு வகையும் தாங்கும் குளிர் வேறு. பல வகைகளுக்கு ஓரளவு குளிர் பட்டால்தான் பூத்தண்டே வரும். பயந்துபோய் சீக்கிரமே உள்ளே கொண்டுவந்தால் செடி பிழைக்கும், பூக்காது.

முதலில், குறைந்தபட்ச வெப்பத்தைப் பதிந்து வைக்கும் வெப்பமானி ஒன்றை வாங்கி, செடிகள் இருக்கும் உயரத்திலேயே மாட்டுங்கள். மேகமும் காற்றும் இல்லாத இரவில் செடி இருக்கும் இடம், வானிலை அறிக்கை சொல்வதைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும்.

இரவு வெப்பம் 15 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது வாண்டா, ஃபலனாப்சிஸ், எப்போதும் பசுமையாக இருக்கும் டென்ட்ரோபியம், புள்ளி இலை பாஃபியோபெடிலம் ஆகியவை முதலில் உள்ளே வர வேண்டும். ஃபலனாப்சிஸை மட்டும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். இரவு 16 முதல் 18 டிகிரி வரை சில வாரங்கள் இருந்தால் அது பூத்தண்டு விடும். இரவும் பகலும் 28 டிகிரிக்கு மேலேயே வைத்திருந்தால் இலையாக விட்டுக்கொண்டிருக்கும். கேட்லியாவும் பெரும்பாலான ஒன்சிடியம் வகைகளும் 12, 13 டிகிரி வரை வெளியே இருக்கலாம். நோபைல் வகை டென்ட்ரோபியம் 10 டிகிரியைத் தாங்கும், அந்தக் குளிர் அதற்குத் தேவையும்கூட. கடைசியாக வர வேண்டியது சிம்பிடியம். 5 டிகிரி வரை விட்டுவைக்கலாம், உறைபனி மட்டும் படவே கூடாது. வீட்டில் ஹீட்டர் போடத் தொடங்குவதற்கு முன்பே, ஜன்னல்கள் திறந்திருக்கும் நாட்களில் மாற்றினால் உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் குறைவாக இருக்கும், செடியும் எளிதில் பழகும்.

அடுத்தது பூச்சி. நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். வெளியே மழையும் பொறிவண்டும் கட்டுக்குள் வைத்திருந்த மாவுப்பூச்சி, செதில் பூச்சி, சிலந்திப்பேன் எல்லாம் வீட்டின் கதகதப்பிலும் வறண்ட காற்றிலும் சில வாரங்களில் பெருகிவிடும். ஒரு செடியில் வந்தது எல்லாச் செடிக்கும் பரவும். தொட்டியில் எறும்பு ஏறி இறங்கினால் எங்கோ சாறு உறிஞ்சும் பூச்சி இருக்கிறது என்று அர்த்தம், தேடுங்கள். இலையின் அடிப்பக்கம், இலை தண்டோடு சேரும் இடுக்கு, தொட்டியின் விளிம்புக்கு உட்புறம் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். கேட்லியாவின் குமிழ்களை, அதாவது பருத்த தண்டுகளைச் சுற்றி இருக்கும் காய்ந்த உறைகளை மெதுவாக உரித்துவிடுங்கள். செதில் பூச்சி அதற்கடியில்தான் ஒளிந்திருக்கும்.

பிறகு ஒரு வாளியில் அறை வெப்பத்தில் உள்ள தண்ணீரை எடுத்து, தொட்டியின் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை 20 முதல் 30 நிமிடம் முக்கி வையுங்கள். எறும்பு, மரவட்டை, நத்தை, மண்புழு எல்லாம் மேலே ஏறி வரும். செடியின் நடுக்குருத்து தண்ணீரில் மூழ்கக் கூடாது. ஒவ்வொரு தொட்டிக்கும் தண்ணீரை மாற்றுங்கள். ஒரே தண்ணீரில் எல்லாத் தொட்டியையும் முக்கினால் அழுகல் நோயை நாமே பரப்பியதாகிவிடும்.

கண்ணுக்குத் தெரியும் மாவுப்பூச்சியையும் செதிலையும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள். மொட்டில் படாமல், நிழலில் வைத்துச் செய்ய வேண்டும். அதன்பின் பூச்சிக்கொல்லி சோப்புக் கரைசலை இலையின் இருபுறமும் நனையும்படி தெளியுங்கள். ஒருமுறையோடு விட்டுவிடுவதால்தான் பலருக்கும் பூச்சி திரும்ப வருகிறது. முட்டைகள் அந்த முதல் தெளிப்பில் சாகாது. ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை தெளியுங்கள். அந்த மூன்று வாரமும், ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கும் செடிகளோடு சேர்க்காமல் தனியே வையுங்கள்.

உள்ளே எங்கே வைப்பது? வெளியே நிழல் வலைக்கடியில் கிடைத்த வெளிச்சம்கூட வீட்டுக்குள் கிடைக்காது. ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளினாலே வெளிச்சம் பெருமளவு குறைந்துவிடும். மதியம் இலைக்கு 30 செ.மீ. மேலே கையை நீட்டிப் பாருங்கள். மங்கலான நிழல் விழுந்தால் அது ஃபலனாப்சிஸுக்கும் பாஃபியோபெடிலத்துக்கும் ஏற்ற இடம். கேட்லியாவுக்கும் வாண்டாவுக்கும் விளிம்பு தெளிவான நிழல் விழ வேண்டும். வடகோளத்தில் தெற்குப் பார்த்த ஜன்னலும் தென்கோளத்தில் வடக்குப் பார்த்த ஜன்னலும் குளிர்காலத்தில் அதிக வெளிச்சம் தரும். ஆனால் குளிர்கால வெயில் தாழ்வாகச் சாய்ந்து உள்ளே நுழைவதால், நிழலுக்குப் பழகிய இலை முதல் இரண்டு வாரத்தில் கருகலாம். அதுவரை மெல்லிய திரை போடுங்கள். வெளிச்சம் போதாவிட்டால் வெள்ளை எல்.இ.டி. விளக்கை இலைக்கு 30 செ.மீ. மேலே மாட்டி, நாளுக்கு 12 மணி நேரம் எரியவிடலாம்.

இலை கண்ணாடியைத் தொடக் கூடாது. இரவில் கண்ணாடி அறையைவிட மிகவும் குளிர்ந்துவிடும். ஹீட்டரின் சூடான காற்றும் நேராகப் படக் கூடாது.

உள்ளே வந்தபின் செடிகள் பெரும்பாலும் சாவது குளிரால் இல்லை, தண்ணீரால். வெளிச்சமும் காற்றோட்டமும் குறைந்துவிட்டதால் தொட்டியில் நிரப்பியிருக்கும் மரப்பட்டைத் துண்டுகள் காய அதிக நாள் எடுக்கும். வெளியே ஊற்றிய கணக்கிலேயே இங்கும் ஊற்றினால் வேர் அழுகும். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், கனம் குறைந்திருக்க வேண்டும். ஃபலனாப்சிஸின் வேர் வெள்ளி நிறமாக மாறியபின் ஊற்றுங்கள், பச்சையாக இருந்தால் பொறுங்கள். காலையில், அறை வெப்பத்தில் உள்ள தண்ணீரை ஊற்றி, குருத்தில் தேங்கியதை டிஷ்யூ காகிதத்தால் ஒற்றியெடுங்கள். உரத்தைப் பாதியாகக் குறைத்து, மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரால் தொட்டியை நன்றாக அலசிவிடுங்கள்.

நோபைல் டென்ட்ரோபியத்துக்கு மட்டும் கணக்கு தனி. குளிரான, வெளிச்சமான இடத்தில் வைத்து, உரத்தை முழுமையாக நிறுத்தி, தண்டு சுருங்காத அளவுக்கு மட்டும் எப்போதாவது தண்ணீர் காட்டுங்கள். கணுக்களில் மொட்டு தெளிவாகத் தெரியும்வரை இப்படியே இருக்கட்டும். இந்த ஓய்வுக் காலத்தில் தாராளமாகத் தண்ணீரும் உரமும் கொடுத்தால் பூ வர வேண்டிய கணுவில் குட்டிச்செடி முளைக்கும்.

காற்றின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் இருந்தால் போதும். கூழாங்கல் தட்டு வைப்பதால் பெரிய பலன் கிடைப்பதில்லை, இலையில் தண்ணீர் தெளிப்பதும் சில நிமிடங்களுக்குத்தான். செடிகளைக் கூட்டமாக வைப்பதும் சிறிய ஈரப்பதமூட்டி வைப்பதும் மேல். கூடவே சின்ன மின்விசிறி ஒன்றைச் சுவரைப் பார்த்துத் திருப்பி மெதுவாக ஓடவிடுங்கள். தேங்கிய ஈரக் காற்றில் பூஞ்சை வரும்.

மொட்டோடு உள்ளே வந்த செடி மொட்டை உதிர்த்தால், திடீர் வெப்பம், வறண்ட காற்று, பக்கத்தில் பழுக்கும் பழங்கள் ஆகிய மூன்றையும் சந்தேகியுங்கள். வாழைப்பழமும் ஆப்பிளும் விடும் எத்திலீன் வாயு மொட்டைப் பழுக்கவைத்து உதிர்த்துவிடும். சிம்பிடியத்தை மொட்டு விரியும்வரை குளிரான அறையிலேயே வையுங்கள். கேட்லியா லேபியாட்டா போன்ற வகைகள் பகல் குறைவதை உணர்ந்து மொட்டு விடுபவை. அவை இருக்கும் அறையில் இரவு விளக்கு எரிந்தால் பூவின் உறை வந்தும் உள்ளே மொட்டு உருவாகாமல் போகலாம், ஆகவே மாலையில் விளக்குப் போடாத அறையாகப் பார்த்து அவற்றுக்குக் கொடுங்கள்.