போக ஏழு மணி நேரம், திரும்ப எட்டா? விமானத் தூரமும் நேரமும்: கேள்வி பதில்

கேள்வி: சான் பிரான்சிஸ்கோவில் இருந்து டோக்கியோ போகும் விமானம் வரைபடத்தில் அலாஸ்கா பக்கம் ஏறி இறங்குகிறது. பசிபிக் மேல் நேராகப் போனால் தூரம் குறையாதா?

பதில்: குறையாது, கூடும். உருண்டையைத் தாளில் விரிக்கும்போது வடபகுதி இழுபடுகிறது. அதனால்தான் குறுக்குவழி வளைவாகத் தெரிகிறது. பூகோள உருண்டை கிடைத்தால் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் தானாகவே வடக்கே ஏறும். சுமார் 8,300 கி.மீ. நீளமுள்ள பெருவட்டப் பாதை அதுதான்.

கேள்வி: நியூயார்க்–லண்டன் 7 மணி நேரம், திரும்பி வர 8. பூமி சுழல்வதாலா சார்?

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. அதனால் லாபம் உண்டென்றால் மேற்கே போகிறவருக்கு அல்லவா கிடைக்க வேண்டும்? நடப்பதோ தலைகீழ். ஓடுதளத்தில் நிற்கும் விமானமும் சுற்றியுள்ள காற்றும் பூமியோடு சேர்ந்தேதான் சுழல்கின்றன.

காரணம் ஜெட் காற்று. சுமார் 10 கி.மீ. உயரத்தில், அதாவது விமானம் பறக்கும் அதே மட்டத்தில், மேற்கில் இருந்து கிழக்காக ஆறு மாதிரி ஓடும். குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யையும் தாண்டும். காற்றில் 900 கி.மீ. வேகத்தில் போகும் விமானத்துக்கு 100 கி.மீ. பின்காற்று கிடைத்தால் தரைவேகம் 1,000. அதுவே எதிர்காற்றானால் 800. இரண்டு ஊருக்கும் இடையே 5,540 கி.மீ.; வகுத்துப் பாருங்கள், ஒன்றரை மணி நேரம் வரை வித்தியாசம் வரும். 2020 பிப்ரவரியில் புயல் நேரத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று இந்த வழியை 4 மணி 56 நிமிடத்தில் கடந்தது! தரைவேகம் 1,300 கி.மீ.யைத் தாண்டியும் அது ஒலியை மிஞ்சவில்லை, ஏனென்றால் சுற்றியிருந்த காற்றும் கூடவே ஓடியது.

கேள்வி: தூரத்தை வேகத்தால் வகுத்தால் வரும் நேரத்தைவிட டிக்கெட்டில் அதிகமாக இருக்கிறதே?

பதில்: விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் இருந்து மறுமுனையில் வந்து நிற்பது வரை டிக்கெட் கணக்கு. ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவதும் அதில் அடக்கம். நான் தூரத்தை 850ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டிக்கொள்வேன். பெரும்பாலும் பக்கத்தில் வந்துவிடும்.

கேள்வி: அம்மா ஜனவரியில் டோக்கியோவில் மாலை 5 மணிக்கு ஏறி, லாஸ் ஏஞ்சலஸில் அன்றே காலை 10 மணிக்கு இறங்குவதாக டிக்கெட் வந்திருக்கிறது. தேதி தப்பா?

பதில்: பயப்படாதீர்கள், சரியாகத்தான் இருக்கிறது. பயணம் 10 மணி நேரம். இறங்கும்போது டோக்கியோவில் மறுநாள் அதிகாலை 3 மணி. குளிர்காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் 17 மணி நேரம் பின்னால் இருக்கிறது. கழித்தால் அன்றே காலை 10. வழியில் பசிபிக் நடுவே நாள் மாறும் தேதிக் கோட்டைத் தாண்டுகிறார், அவ்வளவுதான். அழைத்துப் போக வருபவருக்கு மட்டும் அந்த ஊர் தேதியையும் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். ஒரு நாள் மாறி வந்து காத்து நின்றவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: ஹெல்சிங்கி–டோக்கியோ முன்பு 9 மணி நேரம் சொச்சம்தானே? இப்போது 13 காட்டுகிறது.

பதில்: 2022இல் இருந்து ரஷ்ய வான்வெளி அந்த விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது. சுற்றித்தான் போக வேண்டும்.

கேள்வி: டைரக்ட் ஃப்ளைட் என்றார்கள், நடுவில் ஓர் ஊரில் இறங்குகிறதே?

பதில்: டைரக்ட் என்றால் விமான எண் மாறாது, அவ்வளவே. நடுவில் இறங்கி ஏறலாம். எங்கும் நிற்காமல் போக வேண்டும் என்றால் ‘நான்-ஸ்டாப்’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.