ரிசர்வ் விளக்கு எரிந்த பிறகும் காரை ஓட்டினால் என்ன கெடும்?

டேங்க் காலியாகும் நிலைக்கு வரும்வரை ஓட்டிவிட்டுப் பெட்ரோல் போடுகிற பழக்கத்தால் இன்ஜின் கெடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெட்ரோல் கார் என்றால் இன்ஜினுக்கு முன்னால் அடி வாங்குவது ஃபியூயல் பம்ப். டீசல் கார் என்றால் செலவு இன்னும் பெரிது. நீங்கள் பெங்களூரில் ஓட்டுகிறவர் என்றால், இந்த இரண்டையும்விட வண்டி எங்கே நிற்கும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

முதலில் பம்ப். கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்த பிறகு, பம்ப் என்பது டேங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கும் ஒரு சின்ன மின்மோட்டார். இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் அதுவும் ஓடும். அதன் சூட்டைத் தணிப்பதும் உராய்வைக் குறைப்பதும் சுற்றியிருக்கிற பெட்ரோல்தான். ரிசர்வ் விளக்கு எரிந்த உடனே பம்ப் போய்விடாது. கடைசிப் பெட்ரோல் பம்பைச் சுற்றியே தேங்கும்படி ஒரு கிண்ணம் மாதிரி அமைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் மேட்டிலும் வளைவிலும் இருக்கிற கொஞ்சமும் ஒரு பக்கமாக ஒதுங்கும்போது பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும். எப்போதாவது நடந்தால் பயப்பட ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் இதே பழக்கம் என்றால் பம்பின் ஆயுள் குறையும். பம்பை மாற்ற சில கார்களில் பின்சீட்டைத் தூக்கினால் போதும், சிலவற்றில் டேங்கையே இறக்க வேண்டும். எப்படியும் பில் ஆயிரங்களில்தான் வரும்.

“அடியில் இருக்கிற கசடு இன்ஜினுக்குப் போய்விடும்” என்று பலர் சொல்வார்கள். டேங்க் நிரம்பியிருந்தாலும் பம்ப் அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது, முன்னால் ஒரு வடிகட்டியும் இருக்கிறது. இப்போதைய கார்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக் டேங்க், துருவுக்கு வழியில்லை. பழைய இரும்பு டேங்க் வண்டி வைத்திருப்பவர்கள் மட்டும் இந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளலாம்.

டீசலுக்கு வருகிறேன். என் மச்சான் சேலத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். கர்நாடகாவில் டீசல் விலை குறைவு என்பதால் அத்திப்பள்ளி தாண்டிப் போட்டுக்கொள்ளலாம் என்று ஓசூர் பங்க்குகளையெல்லாம் விட்டுவிட்டு வந்தார். எல்லைக்கு முன்னாலேயே வண்டி நின்றுவிட்டது. கேனில் டீசல் வாங்கி ஊற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை. லைனில் ஏர் பிடித்துவிட்டது. மெக்கானிக் வந்து ஏர் எடுத்த பிறகுதான் கிளம்பியது. லிட்டருக்கு இரண்டு ரூபாய் மிச்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 40 லிட்டருக்கு 80 ரூபாய். அதற்காகப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு லாரிகள் பறக்கிற நெடுஞ்சாலை ஓரத்தில் அக்கா இரண்டு மணி நேரம் நின்றாள். இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. டீசலை உயர் அழுத்தத்தில் தெளிக்கிற இப்போதைய ‘காமன் ரெயில்’ இன்ஜினில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதன் உயர் அழுத்த பம்புக்கு மசகே டீசல்தான். காய்ந்து ஓடினால் உள்ளே தேய்ந்து உதிர்கிற இரும்புத் துகள், இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டர் வரை போகும். அந்த வேலையின் எஸ்டிமேட்டைப் பார்த்தவர்கள் டேங்கைக் கால்வாசிக்குக் கீழே இறக்கவே மாட்டார்கள்.

இப்போது நம் ஊர் பெங்களூர். ரிசர்வில் 5 லிட்டர் இருக்கிறது, லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும், ஆக 75 கி.மீ. போகலாம் என்று கணக்குப் போடுவது திறந்த ரோட்டுக்குச் சரி. சில்க் போர்டிலிருந்து மாரத்தஹள்ளி வரைக்கும் அந்தக் கணக்கு எடுபடாது. ஏசி போட்டு நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடினால் சின்ன பெட்ரோல் காரே மணிக்கு முக்கால், ஒரு லிட்டர் குடித்துவிடும். ஊர்ந்து ஊர்ந்து போனால் மைலேஜ் பாதியாகிவிடும். டேஷ்போர்டில் ‘இன்னும் இத்தனை கி.மீ.’ என்று காட்டுகிற எண்ணும் நீங்கள் கொஞ்சம் முன்னால் ஓட்டிய மைலேஜை வைத்துப் போட்ட கணக்குதான். ஜாமில் அது கண்ணெதிரே இறங்கும். 2023 செப்டம்பர் 27 மாலை, நீண்ட விடுமுறைக்கு முன்னால், அவுட்டர் ரிங் ரோட்டில் ஜனங்கள் மணிக்கணக்கில் சிக்கிக் கிடந்தார்கள், பள்ளிப் பிள்ளைகள் ராத்திரிதான் வீடு சேர்ந்தார்கள். அப்படி ஒரு மாலையில் ரிசர்வோடு நடுலேனில் நின்றால் பங்க் அரை கி.மீ.யில் இருந்தும் பயனில்லை. எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் கிட்டத்தட்ட 10 கி.மீ., மேலே ஒரு பங்க்கூடக் கிடையாது. அதில் ஏறுவதற்கு முன் பெட்ரோல் முள்ளைப் பார்த்துவிடுங்கள். அதனால் இந்த ஊரில் பெட்ரோலைக் கிலோமீட்டரில் அளக்காமல் மணியில் அளங்கள். கால் டேங்குக்கு வந்ததுமே போட்டுவிடுங்கள், விளக்கு எரியும்வரை காத்திருக்க வேண்டாம்.

லேசான டேங்க் மைலேஜ் தரும் என்ற வாதமும் நிற்காது. 37 லிட்டர் டேங்க் நிரம்பினாலே பெட்ரோலின் எடை 28 கிலோவுக்குள்தான். பாதியாக வைத்தால் குறைவது 14 கிலோ. டிக்கியில் கிடக்கிற சாமான்களை இறக்கினாலே அது சரியாகிவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் நின்றுவிட்டால், உடனே ஹசார்ட் விளக்கைப் போட்டு, இருக்கிற வேகத்திலேயே இடது ஓரம் ஒதுங்குங்கள். ஸ்டியரிங் கனக்கலாம். பிரேக் மிதிப்பதை லேசாக்குகிற பூஸ்டரில் ஓரிரண்டு மிதிக்குத்தான் பலம் மிச்சம் இருக்கும், அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். சாவியை ஆஃப் செய்து எடுத்துவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பல இன்சூரன்ஸ் பாலிசிகளில் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் உண்டு, பெட்ரோல் கொண்டுவந்து ஊற்றுவார்கள். அந்த எண் போனில் இருக்கட்டும். ஊற்றிய பிறகு பெட்ரோல் காரில் உடனே செல்ஃப் அடிக்காமல், சாவியை ஆன் வரை திருப்பி சில விநாடி விட்டு ஆஃப் செய்யுங்கள், இப்படி மூன்று நான்கு முறை. லைனில் பெட்ரோல் ஏறிய பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். டீசல் காரில் ஃபில்டர் மேல் கை பம்ப் இருந்தால் அது கெட்டியாகும்வரை அழுத்திப் பாருங்கள், இல்லையென்றால் பேட்டரி இறங்கும்வரை செல்ஃப் அடிக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.