மார்கழி மின்கட்டணமும் வெந்நீர்க் கணக்கும்

கேள்வி: தேவகோட்டை அருகே எங்கள் பூர்வீக வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். ஏ.சி. கிடையாது. கார்த்திகைக்குப் பிறகு மின்விசிறிகூட அதிகம் ஓடுவதில்லை. ஆனாலும் முந்தைய கணக்கெடுப்பில் 410 யூனிட்டாக இருந்தது இந்த முறை 540 ஆகிவிட்டது. மாமனாரும் மாமியாரும் வெந்நீரில்தான் குளிப்பார்கள். மின்சாரம் எங்கே போகிறது, எப்படிக் குறைப்பது?

பதில்: அன்புச் சகோதரிக்கு, மின்விசிறி நின்றும் கட்டணம் ஏறுவது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதன்று. நம் பகுதியில் வீட்டைச் சூடாக்க வேண்டிய அளவுக்குக் குளிர் வருவதில்லை. எனவே மார்கழியிலும் தையிலும் கூடும் செலவு, பெரும்பாலும் தண்ணீரைச் சூடாக்கும் செலவுதான்.

மேல்தொட்டியிலிருந்து விடியற்காலையில் இறங்கும் தண்ணீர் 24 டிகிரி என்றும், குளிக்க 40 டிகிரி வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். 20 லிட்டர் வாளி ஒன்றை அந்தச் சூட்டுக்குக் கொண்டுவர 0.37 யூனிட் செலவாகும். ஐந்து பேருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.9 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 110 யூனிட்டைத் தாண்டிவிடும். ஷவரில் நின்று குளிப்பவர் ஒருவர் இருந்தாலும் இது இன்னும் கூடும். கீசரின் சிவப்பு விளக்கு நாள் முழுவதும் விட்டு விட்டு எரிகிறதா என்று கவனியுங்கள். எரிந்தால், யாரும் குளிக்காத நேரத்திலும் ஆறும் தண்ணீரை அது திரும்பத் திரும்பச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எங்கள் வீட்டுக் கீசரைப் பொருத்தியவர் வெப்ப அளவை உச்சத்தில் வைத்துவிட்டுப் போனதைக் கவனிக்காமல், ஒரு குளிர்காலம் முழுவதும் கொதிக்கும் தண்ணீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்து குளித்துக்கொண்டிருந்தோம். 50 டிகிரிக்குக் குறைத்து, குளிப்பதற்குச் சற்று முன்பு மட்டும் போட்டு, ஒருவர்பின் ஒருவராகக் குளித்து முடித்ததும் அணைத்துவிட்டால் போதுமானது.

500 யூனிட் என்ற எல்லையை மறக்காதீர்கள். 2022 கட்டண அட்டவணையின்படி, 500-க்குள் இருப்பவருக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகள் தலா 2.25 ரூபாய், தாண்டியவருக்கு அதே யூனிட்டுகள் 4.50 ரூபாய். அந்த அட்டவணையில் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாயும், 540 யூனிட்டுக்கு 2,270 ரூபாயும் வரும். கடைசி 40 யூனிட்டுக்கு மட்டும் 545 ரூபாய்! 2024-இல் விலை மீண்டும் ஏறியது. ஆகவே நீங்கள் 410-க்குத் திரும்ப வேண்டும் என்பதில்லை; 500-க்குள் நின்றாலே பெரும் மிச்சம்.

அந்த 40 யூனிட்டைப் பழைய வீட்டிலேயே தேடலாம். முகப்பு, வளவு (நடு முற்றம்), இரண்டாங்கட்டு, பின்கட்டு என்று கட்டுக்கு ஒன்றாக இரவெல்லாம் எரியும் 'ஜீரோ வாட்' குண்டு பல்பு, பெயரில்தான் ஜீரோ; பழைய வகை 15 வாட் வரை இழுக்கும். அப்படி ஐந்து பல்பு 12 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 0.9 யூனிட், இரண்டு மாதத்தில் 54 யூனிட். அவற்றை எடுத்துவிட்டு அரை வாட் எல்.இ.டி. பல்பு போடுங்கள். ஃபிரிட்ஜின் குளிர் அளவையும் ஒரு படி குறைத்துவிடுங்கள்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் கீசர் கம்பியில் சுண்ணாம்பு படியும். அதனால்தான் கட்டணம் ஏறுகிறது என்று பலர் சொல்வார்கள். உண்மையில் அது கட்டணத்தைவிடக் கம்பியின் ஆயுளையே அதிகம் குறைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சூரிய வெந்நீர்க் கருவி வாங்கும் எண்ணம் இருந்தால், உப்புத் தண்ணீருக்குச் செப்புக் குழாய் வகையைவிடக் கண்ணாடிக் குழாய் வகை ஏற்றது. ஆனால் 100 லிட்டர் தண்ணீரும் இரும்புச் சட்டமும் ஏறும் பாரத்தைப் பழைய தட்டோட்டுத் தளம் தாங்குமா என்று, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரிடம் முதலில் காட்டிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களில் அது முழுச் சூடு தராது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மாமனார், மாமியாரின் வெந்நீரில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். அவர்கள் குளிக்கும் நேரத்தை மாற்றிப் பாருங்கள். நோன்பு நாள்களைத் தவிர மற்ற நாள்களில் பதினொரு மணிக்குமேல் குளித்தால், வெயில்பட்ட தொட்டித் தண்ணீர் 30 டிகிரியை எட்டியிருக்கும். அதைச் சூடாக்க வாளிக்கு 0.23 யூனிட் போதும், அந்த வயதில் விடியற்காலைப் பனியில் ஈரத்தலையோடு வளவைக் கடக்க வேண்டிய நிலையும் இராது.