'அவர் கேங்' (Our Gang, 'நம்ம கூட்டம்') என்ற அமெரிக்கச் சிறுவர் நகைச்சுவைக் குறும்படங்களை இயக்கிய ராபர்ட் மெக்கோவன் ஏன் பாதியிலேயே விலகினார்?

சுருக்கமாகச் சொன்னால், களைத்துப்போய்விட்டார். குழந்தைகளை வைத்துப் பத்தாண்டுக்கு மேல் நகைச்சுவை எடுத்தால் யாருக்குத்தான் களைக்காது!

மெக்கோவன் முதலில் டென்வர் நகரத்துத் தீயணைப்பு வீரர். பிறகுதான் ஹாலிவுட்டுக்கு வந்தார். தயாரிப்பாளர் ஹால் ரோச் 1922-இல் 'அவர் கேங்' வரிசையைத் தொடங்கியபோது இயக்கம் இவர் கைக்கு வந்தது. வெள்ளையர், கறுப்பினப் பிள்ளைகள் ஒன்றாக ஆடித் திரியும் படங்கள் அவை. கறுப்பினப் பிள்ளைகளைக் காட்டிய விதத்தில் அந்தக் காலத்துக் கேலி இருந்தது உண்மை. ஆனாலும் அன்றைய அமெரிக்காவில் அப்படி ஒரு கூட்டத்தைத் திரையில் காட்டியதே பெரிய விஷயம்.

அவர் முறை எளிது: வசனத்தை மனப்பாடம் செய்ய வைக்காமல், நடக்கப்போவதைச் சொல்லிப் பிள்ளைகளை அவர்கள் போக்கிலேயே நடிக்க விடுவார். மௌனப் படம் என்பதால் கேமரா ஓடும்போதே குரல் கொடுத்து வழிநடத்தலாம். 1929-இல் இந்த வரிசை பேசத் தொடங்கியதும் அந்த வசதி போய்விட்டது.

இடையிடையே அவர் அண்ணன்/தம்பி மகன் 'ஆந்தனி மேக்' என்ற பெயரில் சில படங்களை இயக்கினார். என் பார்வையில் அவற்றில் அந்தத் துள்ளல் குறைவு. 1933-இல் மெக்கோவன் விலகினார். அப்புறம் 1936-இல் 'டிவட் டிகர்ஸ்' என்ற ஒரே ஒரு குறும்படத்துக்காகத் திரும்பி வந்தார். 1940-களின் பிற்பகுதியில் ரோச்சுக்காக 'கர்லி' என்ற சிறுவர் படத்தைத் தயாரித்தார். வெள்ளை, கறுப்புப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருப்பதாகக் காட்டியதற்காக மெம்பிஸ் நகரத் தணிக்கையர் அதைத் தடை செய்தார்.